பிளஸ் டூ முடிச்ச தம்பிக்கு முதல் வேலை: 14,000 பெருசா, 15,000 பெருசா?



போன வாரம் என் சித்தி பையன் போன் பண்ணான். பிளஸ் டூ முடிச்சாச்சு, 18 வயசும் ஆயிடுச்சு. சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அதனால காலேஜை அப்புறம் பாத்துக்கலாம்னு ரெண்டு இடத்துல வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கான். ரெண்டுமே கிடைச்சிடுச்சு.

ஒரு ஷோரூம்ல 14,000 ரூபாய், எந்தப் பிடித்தமும் இல்லை. ஒரு கம்பெனியில 15,000, ஆனா பி.எஃப், இ.எஸ்.ஐ போக கைக்கு 13,087தான் வரும். "அண்ணா, ஷோரூமுக்கே போயிடறேன். மாசம் 913 ரூபாய் அதிகம்ல"ன்னான்.

உங்க வீட்டிலயும் இப்படி ஒரு தம்பியோ தங்கச்சியோ இருக்கலாம். வேலைக்குப் போற ஆள்னு உங்ககிட்டதான் வந்து கேப்பாங்க. அவனுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

கையில வராத பணம் எங்கே போகுது?

15,000 அடிப்படைச் சம்பளத்துல 12%, அதாவது 1,800 ரூபாய், பி.எஃப்-க்குப் போகும். கம்பெனியும் அதே 1,800 போடணும். அதுல 1,250 பென்ஷன் கணக்குக்கும், 550 அவனோட பி.எஃப்-க்கும் சேரும். ஆக, மாசம் 2,350 ரூபாய் அவன் பேர்ல சேருது. நாலு வருஷத்துல வட்டி இல்லாமலே 1,12,800 ரூபாய்! 2024-25க்கு வட்டி 8.25%. கூடப் படிச்சவங்க டிகிரி வாங்கி வெளியே வரும்போது, இவன் கையில ஒரு லட்சத்துக்கு மேல இருக்கும்.

இ.எஸ்.ஐ-க்குப் பிடிக்கிறது 0.75%, வெறும் 113 ரூபாய். கம்பெனி 3.25% கட்டுது. வருமானம் இல்லாம அவனை நம்பியிருக்கிற அப்பா, அம்மாவுக்கும் இதுல சிகிச்சை உண்டு. உடம்பு முடியாத அப்பா வீட்ல இருக்கும்போது, இந்த 113 ரூபாயை வேண்டாம்னு சொல்லலாமா?

சேர்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

1. "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் அனுப்புங்க, வேலை கன்ஃபார்ம்"னு சொன்னா, அங்கேயே விலகிடுங்க. வேலை கொடுக்கிறவன் நம்மகிட்ட காசு கேக்கக் கூடாது.

2. ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி எதையும் கம்பெனியில விட்டுட்டு வரக் கூடாது. சரிபார்த்துட்டு உடனே திருப்பித் தரட்டும், நகல் போதும். அடுத்த வருஷம் காலேஜ்ல சேரணும்னா ஒரிஜினல் வேணுமே.

3. சொல்ற 15,000 மொத்த சம்பளமா, இல்ல கம்பெனி போடுற பங்கும் சேர்ந்த சி.டி.சி-யான்னு கேளுங்க. பதிலை ஆஃபர் லெட்டர்ல வாங்குங்க.

4. சேர்ந்த பிறகு யு.ஏ.என் நம்பர் வாங்கி, பாஸ்புக்ல பணம் ஏறுதான்னு அப்பப்போ பாருங்க. சம்பளத்துல பிடிச்சிட்டுக் கட்டாம விடுறவங்களும் இருக்காங்க.

படிப்பு நிக்க வேண்டியதில்லை

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ ரெண்டுலயும் வேலை பாத்துக்கிட்டே டிகிரி படிக்கலாம். டி.என்.பி.எஸ்.சி குரூப் 4-க்கு பத்தாவது போதும், எஸ்.எஸ்.சி சி.எச்.எஸ்.எல்-க்கு பிளஸ் டூ போதும். ஆனா வாரத்துக்கு ஒரு நாள்கூட லீவு கிடைக்காத வேலைன்னா இது எதுவுமே நடக்காது. சம்பளத்தைக் கேக்கும்போதே வேலை நேரத்தையும் கேக்கச் சொல்லுங்க.

அந்த 913 ரூபாய்?

கஷ்டத்துல இருக்கிற வீட்டுக்கு மாசம் 913 ரூபாய் சின்னத் தொகை இல்ல. "எதிர்காலத்தை யோசி"ன்னு அட்வைஸ் மட்டும் பண்ணிட்டுப் போனை வைக்க எனக்கு மனசு வரல. அதனால, "நீ கம்பெனியில சேரு, சித்தி அக்கவுன்ட்டுக்கு மாசம் 1,000 நான் போட்டுடறேன்"னு சொல்லிட்டேன். நாம வெளியே ரெண்டு தடவை சாப்பிடுற காசுதான் அது.

திங்கட்கிழமை வேலையில சேர்றான். உங்க வீட்டுத் தம்பி, தங்கச்சிக்கு நீங்க என்ன சொன்னீங்க? கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல பார்ப்போம்!