கையே கண்ணும் செவியும்

தொட்டிலில் குழந்தை அழுகிறது; தாய்க்குக் கேட்கவில்லை. கையை நீட்டிச் சிரிக்கிறது, தாய்க்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட ஒரு பெண் குழந்தை வளர்க்க முடியுமா? "எப்படி முடியும்?" என்றுதான் நம்மில் பெரும்பாலோர் கேட்போம். "இவளுக்கு ஏன் கல்யாணம் செய்து வைத்தார்கள்? பிள்ளைக்கும் அந்த நோய் வராதா?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு கேள்விகளுக்கும் விஞ்ஞானத்தில் விடை இருக்கிறது. அந்த விடைகள் நாம் எண்ணுவதினின்றும் பெரிதும் வேறுபட்டவை.

கண்ணும் காதும் ஒருங்கே கெடுவதற்குக் காரணங்கள் பல. பரம்பரையாக வருவனவற்றுள் முதன்மையானது அஷர் நோய். 1861-இல் லீப்ரைஹ் என்ற மருத்துவர் பெர்லின் நகரில் காது கேளாதோரைச் சோதித்து, உறவுக்குள் மணந்தோரின் மக்களிடையே இந்நோய் காணப்படுவதைக் குறித்தார். 1914-இல் சார்லஸ் அஷர் என்ற ஸ்காத்லாந்துக் கண் மருத்துவர் இது மரபுவழி வருவதை விளக்கினார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்தது. இலட்சம் பேரில் சுமார் 4 முதல் 17 பேருக்கு இது இருக்கலாம் என்பது கணக்கு.

காது வேறு, கண் வேறு. இரண்டும் ஏன் ஒன்றாகக் கெட வேண்டும்? உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் உள்ளன. விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் உள்ளன. இவ்விரு வகை அணுக்களும் சில புரதங்களைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. ஒரே கொல்லன் செய்த கடையாணி இரண்டு வண்டிகளில் இருந்தால், அவன் வேலை பிசகியபோது இரண்டு வண்டிகளும் குடை சாயும் அன்றோ! அதுபோலப் புரதத்தை ஆக்கும் மரபணு பழுதானால் கண்ணும் காதும் சேர்ந்தே கெடுகின்றன.

இந்நோயில் மூன்று வகை உண்டு. முதல் வகையினர் பிறவியிலேயே காது கேளாதவர்கள். உடலின் சமநிலை உணர்வும் குறைவதால் காலந்தாழ்த்தியே நடப்பார்கள். பத்து வயதுக்குள் மாலைக்கண் தொடங்கிவிடும். இரண்டாம் வகையினருக்குப் பிறவியில் ஓரளவு கேட்கும். பார்வைக் குறை பெரும்பாலும் பதின்ம வயதில் தலைகாட்டும். மூன்றாம் வகையினர் கேட்கும் திறனோடு பிறந்து, கேள்வியையும் பார்வையையும் சிறிது சிறிதாக இழப்பார்கள்.

மூன்றிலும் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்குகிறது. மூங்கிற் குழலின் வழியே உலகத்தைப் பார்ப்பது போன்ற நிலை அது. எதிரே நிற்பவரின் முகம் தெரியும். காலடியில் தவழும் குழந்தை தெரியாது. இதை அறியாத வீட்டார், "கண்ணைத் திறந்து கொண்டு நடக்கக் கூடாதா?" என்று கடிந்து கொள்கிறார்கள். இரண்டாம் வகைப் பெண்களுள் சிலர், தமக்கு என்ன நோய் என்றே தெரியாமல் மணந்து தாயும் ஆகிவிடுகிறார்கள். கவனமில்லாதவள் என்ற பழி மட்டும் முன்னதாகவே வந்து சேர்கிறது.

இனி, பிள்ளைக்கு வருமா என்ற கேள்வி. ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இரண்டும் பழுதானால்தான் அஷர் நோய் வரும். ஒன்று மட்டும் பழுதானவர் நலமாகவே இருப்பார். ஆனால் பழுதைத் தம் மக்களுக்குக் கடத்தக் கூடும். நோயுற்ற தாயின் பிரதிகள் இரண்டுமே பழுதானவை. கணவரிடம் அந்த மரபணு நன்றாக இருந்தால், பிள்ளைகள் எல்லாரும் பழுதான பிரதி ஒன்றைப் பெறுவார்கள். ஒருவருக்கும் நோய் வராது. கணவர் நலமாயிருந்தும் ஒரு பழுதைச் சுமப்பவரானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

இங்கேதான் நம் ஊர் வழக்கம் குறுக்கிடுகிறது. அந்தப் பெண் தன் தாய்மாமனை மணந்திருந்தால், அவர் பழுதைச் சுமக்க ஏறக்குறைய இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆகவே பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகனை மணந்திருந்தால் எட்டில் ஒன்று. சொந்தம் அல்லாதவரை மணந்தால் மிகமிகக் குறைவு. எனவே, "இவள் தாயாகலாமா?" என்பதைவிட, "யாரை மணக்கிறாள்?" என்பதே பொருள் உள்ள கேள்வி. இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்து மரபணு மருத்துவரைக் கலந்தால் தெளிவு கிடைக்கும். குற்றம் யாருடையதும் அன்று. அவளுடைய பெற்றோரும் தாம் சுமந்ததை அறிந்தவர்கள் அல்லர்.

சரி, வளர்ப்பது எப்படி? பால் குடிக்கும் குழந்தையின் தொண்டை அசைவை விரல் அறியும். அழுகையை மார்பின் அதிர்வு சொல்லும். குழந்தை அழுதால் தாயின் மணிக்கட்டிலோ தலையணையின் அடியிலோ அதிரும் கருவிகள் இன்று இருக்கின்றன. வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வேண்டும். மாமியார் அன்போடு பாத்திரங்களை இடம் மாற்றி அடுக்கி வைத்தாலும், மருமகளுக்கு அன்று அது புதிய வீடுதான். காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு இளமையிலேயே உட்செவிக் கருவி பொருத்தினால் பேச்சைக் கேட்கப் பழகும். கண்ணின் அழிவை நிறுத்தும் உறுதியான மருத்துவம் அஷர் நோய்க்கு இன்னும் வரவில்லை. ஆனால் இந்நோய் பார்வையை ஒரே நாளில் பறிப்பதில்லை. பல ஆண்டு அவகாசம் தருகிறது. பிரெயிலும் கைப்பேச்சும் கற்க வேண்டிய காலம் அதுவே.

கைப்பேச்சு என்பது என்ன? கேள்வியையும் பார்வையையும் இழந்த லோர்ம் என்ற ஆஸ்திரிய எழுத்தாளர் 1881-இல் உள்ளங்கையிலேயே ஓர் எழுத்து முறையை வகுத்தார். கட்டைவிரல் நுனியைத் தொட்டால் 'ஏ', சுட்டுவிரல் நுனி 'இ', நடுவிரல் நுனி 'ஐ' என்று ரோமன் உயிரெழுத்துகள் ஐந்தும் ஐந்து விரல் நுனிகளில் அமர்ந்தன. அம்முறையைப் பின்னர் நூலாக்கி வெளியிட்டவர் அவர் மகள். அதையும் கற்காதவர், அவளுடைய உள்ளங்கையில் தமிழ் எழுத்தையே சுட்டுவிரலால் எழுதலாம். வளர்ந்த பிள்ளையும் இப்படித் தாயோடு பேசும். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் பாங்குக்கும் பிள்ளையையே துபாஷியாக இழுத்துச் செல்வது தகாது. அந்த வேலை பெரியவர்களுடையது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையும் கேள்வியும் ஒருங்கே இழந்த நிலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே பேசுவதற்கு ஆள் வேண்டும்.

நண்பர்களே, மொழி தெரியாத இந்த ஊரில் நாம் வந்திறங்கிய முதல் நாளை நினைத்துப் பாருங்கள். கூட்டத்தின் நடுவே தனிமை. தமிழில் ஒருவர் "எந்த ஊர்?" என்று கேட்டதும் உயிர் வந்ததல்லவா? அவளுக்கு அந்தக் கேள்வி கையில் வர வேண்டும். அவளைச் சந்தித்தால் தோளை மெல்லத் தொடுங்கள். உங்கள் கையை அவள் கைக்குக் கீழே நீட்டுங்கள். பெயரை எழுதிச் சொல்லுங்கள். விடைபெறும்போது தெரிவித்துவிட்டுப் போங்கள். இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, அறைத் தோழரின் உள்ளங்கையில் அவர் பெயரை எழுதிப் பழகலாம். ஐந்து நிமிடம் போதும்.