பிறப்புப் பதிவேட்டை நம்பித் திட்டம் போடாதீர்கள்

2001-இல் 9,74,345 பேர். 2011-இல் 12,47,953. பத்தே ஆண்டில் புதுச்சேரி 28 விழுக்காடு பெருத்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டின் வளர்ச்சி 15.6. வில்லியனூர் பக்கம் வயலெல்லாம் மனைக்கற்கள் முளைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இதில் இயற்கைப் பெருக்கம், அதாவது பிறப்பில் இறப்பைக் கழித்த மிச்சம், எவ்வளவு? 2010 வாக்கில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 17 பிறப்பு, 7 இறப்பு. பத்தாண்டுக்குக் கூட்டினால் பத்துப் பதினொரு விழுக்காடு தேறும். மீதி, வந்து குடியேறியவர்கள்.

பஹ்ரைனிலும் வந்தவர்களால்தான் தொகை பெருத்திருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் 15,01,635 பேரில் குடிமக்கள் 7,12,362 மட்டுமே. ஆனால் அங்கே இரு தரப்புக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. வேலைக்குப் போனவர் பெரும்பாலும் முதுமைக்கு முன்பே ஊர் திரும்பிவிடுவார். பண்ருட்டியிலிருந்து வில்லியனூரில் வீடு கட்டி வந்தவர் இங்கேயேதான் மூப்படைவார்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, புதுச்சேரியில் ஒரு பெண்ணுக்கு சராசரி 1.5 குழந்தை. தலைமுறைக்குத் தலைமுறை ஈடாக 2.1 வேண்டும். பிறப்பு இன்னும் இறப்பைவிட அதிகமாக இருப்பதற்குக் காரணம், குழந்தைகள் கூடுதலாகப் பிறந்த காலத்தவர்கள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருப்பதுதான். அவர்கள் அந்த வயதைக் கடந்ததும் கணக்கு திரும்பிவிடும்.

இதைப் பதிவேட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பு, நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். ஜிப்மரில் பிரசவத்துக்கு வரும் விழுப்புரம், கடலூர் மாவட்டப் பெண்களின் குழந்தைகளெல்லாம் புதுச்சேரிப் பிறப்புகள். பாகூர் மருமகள் தலைப்பிரசவத்துக்குக் கடலூர்த் தாய்வீட்டுக்குப் போனால், அந்தக் குழந்தை தமிழ்நாட்டுக் கணக்கு. முதல் வகை மிக அதிகம் என்பதால் பதிவேடு எப்போதும் செழிப்பாகவே தெரியும். தாயின் முகவரியைப் பிரித்துப் பார்க்காமல், அதை வைத்துப் பாகூரில் வகுப்பறை கட்டினால் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். முதியோருக்கான படுக்கைகள்தான் போதாமல் போகும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1. பதினாறு ஆண்டு இடைவெளி. அதன் மொத்தத் தொகை வெளியானதும் 'வளர்ச்சி' என்று பேச்சு கிளம்பும். வயதுவாரி அட்டவணையைக் கொம்யூன் கொம்யூனாகக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் உள்ளாட்சி உறுப்பினர்கள். கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலமோ 2011-லேயே முடிந்துவிட்டது.