திரும்பி வரும் தட்டு: செடி வணிகத்தின் மறைந்திருக்கும் கணக்கு

பெங்களூரு விவேக் நகரின் குறுகிய தெருக்களில் பல வீடுகளுக்குத் தோட்டம் என்று தனி நிலம் இல்லை. ஆயினும் மொட்டை மாடியிலும் படிக்கட்டின் ஓரத்திலும் சாளரக் கம்பிகளுக்குப் பின்னும் துளசியும் செம்பருத்தியும் ரோஜாவும் தழைக்கின்றன. தள்ளுவண்டி வணிகரிடமோ, அருகிலுள்ள நாற்றுப்பண்ணையிலோ, லால்பாக் மலர்க் காட்சிக்குச் சென்ற நாளிலோ வாங்கிய செடிகள் அவை. செடி தொட்டிக்கு மாறியதும் அதனைச் சுமந்து வந்த கறுப்பு நெகிழிப் பை கிழிக்கப்பட்டுக் குப்பைக்குச் செல்கிறது. மண் ஒட்டிய மெல்லிய பையைத் தூய்மைப்படுத்தி மறுசுழற்சி செய்வது எளிதன்று.

கர்நாடக அரசு 2016-ஆம் ஆண்டிலேயே நெகிழிக் கைப்பைகளுக்குத் தடை விதித்தது. நாடு முழுவதும் 120 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள நெகிழிக் கைப்பைகளுக்கான தடை 2022 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. செடி வளரும் பையோ கடையில் பொருள் போட்டுத் தரும் கைப்பை அன்று. அது செடியின் முதல் வீடு. ஆகவே, அதனைத் தடையால் மட்டும் நீக்கிவிட இயலாது. அதற்கு ஈடான, திரும்பத் திரும்பப் பயன்படும் கொள்கலன் ஒன்று வேண்டும். அதைவிட முக்கியமாக, அது திரும்பி வருவதற்கான ஓர் ஏற்பாடு வேண்டும்.

இரு வழிகள், இரு தொலைவுகள்

பெங்களூருக்குச் செடிகள் அருகிலிருந்தும் வருகின்றன, தொலைவிலிருந்தும் வருகின்றன. அருகில் உள்ளது ஒசூர். ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தொலைவில் உள்ளது ஆந்திரத்தின் கோதாவரிக் கரையை அடுத்த கடியம். ஏறத்தாழ 800 கிலோமீட்டர். கடியம் பகுதியின் நாற்றுப்பண்ணைகள் நாட்டின் பல மாநிலங்களுக்கும் லாரிகளில் செடிகளை அனுப்பி வருகின்றன.

அருகிலுள்ள வழியில் சிக்கல் குறைவு. காலையில் செடிகளோடு வந்த வண்டி மாலையில் வெற்றுத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு திரும்பலாம். தொலைதூர லாரியின் நிலை வேறு. செடிகளை இறக்கிய பின் அது வேறு சரக்கைத் தேடிக்கொண்டு வேறு ஊருக்குச் செல்லும். வெற்றுத் தட்டுகளை ஏற்றினால் வாடகை தரும் சரக்குக்கு இடம் இராது. வெற்றுப் பெட்டி காற்றைச் சுமக்கிறது என்று போக்குவரத்துத் துறையினர் வருந்துவது இதனால்தான். ஒன்றனுள் ஒன்று அடங்கும் தட்டுகளும் மடக்கக்கூடிய பெட்டிகளும் இந்த இடர்ப்பாட்டைக் குறைக்கின்றனவேயன்றி முற்றிலும் நீக்குவதில்லை.

திரும்பி வரும் கொள்கலன் நமக்குப் புதியதன்று. விடியற்காலையில் விவேக் நகரின் கடை வாசலில் நந்தினி பால் பாக்கெட்டுகள் நெகிழிப் பெட்டிகளில் வந்திறங்குகின்றன; வெற்றுப் பெட்டிகள் வண்டியேறித் திரும்புகின்றன. சமையல் எரிவாயு உருளையும் அவ்வாறே. நிறைந்ததைத் தந்து வெற்றை வாங்கும் இம்முறை தடையின்றி நடப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு: கொள்கலன் ஒரே அளவினது, அதன் உடைமையாளர் யார் என்பது தெளிவு, அதே வழியில் மீண்டும் ஒரு வண்டி வருவது உறுதி. செடி வணிகத்தில் இம்மூன்றுமே பெரும்பாலும் இல்லை.

டென்மார்க் கண்ட தீர்வு

இதே சிக்கலை ஐரோப்பியத் தோட்டக்கலை வணிகம் அரை நூற்றாண்டுக்கு முன் எதிர்கொண்டது. 1976-இல் டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் கன்டெய்னர் சென்ட்ரலன் என்னும் நிறுவனம் தோன்றியது. அது புழக்கத்தில் விட்டது நான்கு சக்கரங்களின் மீது நிற்கும் ஓர் இரும்பு அடுக்கு. நீளம் 135 சென்டிமீட்டர், அகலம் 56.5 சென்டிமீட்டர், உயரம் 190 சென்டிமீட்டர். தட்டுகளைச் செடியின் உயரத்திற்கேற்ப ஏற்றி இறக்கலாம். பண்ணையில் ஏற்றிய செடிகளைக் கையால் தொடாமலே கடை வரை உருட்டிச் செல்லலாம்.

அடுக்கின் வடிவத்தைக் காட்டிலும் அதன் உடைமை முறையே சிந்திக்கத்தக்கது. ஓர் அடுக்கைத் தருபவர், அதே அடுக்கு தமக்குத் திரும்ப வரவேண்டும் என்று காத்திருப்பதில்லை. நிறைந்த அடுக்கை ஒப்படைத்த இடத்திலேயே, வெற்றடுக்கு ஒன்றை ஈடாகப் பெற்றுக்கொள்கிறார். எல்லா அடுக்குகளும் ஒரே மதிப்புடையவை. ஆகவே எது எவருடையது என்னும் வினாவே எழுவதில்லை. நாம் வங்கியில் செலுத்திய அதே பணத்தாளைத் திரும்பக் கேட்பதில்லை அல்லவா? அதைப் போன்றதே இதுவும். தொலைதூர வணிகத்தின் முடிச்சு இங்குதான் அவிழ்ந்தது.

பணத்தைப் போலப் புழங்கும் பொருளுக்குப் பணத்தின் நோயும் வந்தது. உரிய கட்டணம் செலுத்தாத போலி அடுக்குகள் தொகுப்பில் கலந்தன. அவற்றை அடையாளம் காண, 2010-ஆம் ஆண்டை ஒட்டி 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட அடுக்குகளில் ரேடியோ அலை அடையாளச் சில்லு பொருத்தப்பட்டது. நம்பிக்கையின் மீது நிற்கும் எந்த ஏற்பாட்டுக்கும் சரிபார்ப்பும் இன்றியமையாதது என்பதற்கு இது சான்று.

இழப்பு விகிதமே இலாபத்தை முடிவு செய்யும்

சிறிய நாற்றுப்பண்ணை உரிமையாளர் கேட்கும் முதல் வினா, இது கட்டுப்படியாகுமா என்பதே. விளக்கத்திற்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். உறுதியான தட்டின் விலை ₹300 என்க. ஒருமுறை மட்டும் பயன்படும் கட்டுமானப் பொருளுக்கு ஒரு பயணத்திற்கு ₹12 செலவு. மீள்தட்டைத் திரும்பக் கொணர்ந்து கழுவ ₹5 செலவு. எனவே, பயணம் ஒன்றுக்கு மிச்சம் ₹7; ஏறத்தாழ 43 பயணங்களில் தட்டின் விலை மீளும்.

ஒவ்வொரு பயணத்திலும் நூற்றுக்கு ஐந்து தட்டுகள் திரும்பாமற்போனால், ஒரு தட்டின் சராசரி ஆயுள் 20 பயணங்களே. மிச்சம் ₹140, போட்ட ₹300-இல் ₹160 நட்டம். நூற்றுக்கு ஒன்று மட்டுமே தொலைந்தால் சராசரி ஆயுள் 100 பயணங்கள், மிச்சம் ₹700, விலை போக ₹400 இலாபம். தட்டு அதேதான், விலையும் அதேதான். திரும்பி வரும் அளவு மட்டுமே வேறு.

திரும்பி வரச் செய்யும் எளிய கருவி காப்புத்தொகை. தமிழ்நாட்டில் 2022-இல் நீலகிரி மாவட்டத்தில் மதுப் புட்டிகளுக்கு ₹10 கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திரும்பத் தந்தால் அத்தொகையை அளிக்கும் திட்டம் தொடங்கியது. காட்டில் உடைந்து கிடந்து விலங்குகளைக் காயப்படுத்திய புட்டிகள் அதன்பின் கடைக்குத் திரும்பலாயின. விலை வைத்தவுடன் குப்பை சொத்தாகிவிடுகிறது.

கழுவாத தட்டு நோயைச் சுமக்கும்

மீள்பயன்பாட்டுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. தக்காளி, மிளகாய் நாற்றுகளை வளர்க்கும் 98 குழிகள் கொண்ட குழித்தட்டு இன்று நம் உழவர்கள் நன்கறிந்தது. பல பண்ணைகள் அதனைப் பல பருவங்களுக்குப் பயன்படுத்துகின்றன. முறையாகக் கழுவாத தட்டில் ஒட்டியிருக்கும் மண், நாற்றழுகல் நோயையும் வாடல் நோயையும் அடுத்த பண்ணைக்குக் கொண்டு சேர்க்கும். மண்ணை முழுதும் நீக்கி, கிருமிநீக்கக் கரைசலில் நனைத்து, வெயிலில் உலர்த்துவது கட்டாயம். 2024 கோடையில் பெங்களூரு பட்ட தண்ணீர்த் துன்பத்தை நாம் மறந்திருக்க முடியாது. ஆகவே, கழுவும் நீரை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தும் தொட்டியையும் திட்டச் செலவில் முதலிலேயே சேர்த்துவிடுவது நலம்.

தொடங்கும் வழி

இத்தொழிலில் உள்ள வாடிக்கையாளர்கள் நாள்தோறும் வண்டி சென்று திரும்பும் குறுகிய வழி ஒன்றில் தொடங்குவது நல்லது. ஒசூர்–பெங்களூரு வழி அதற்கேற்றது. ஒரே அளவுத் தட்டைப் பயன்படுத்த நான்கைந்து பண்ணைகளும் கடைகளும் உடன்படட்டும். தட்டுகளுக்கு எண் இட்டு, காப்புத்தொகையைத் தனிக் கணக்கில் வைக்கட்டும். அது விற்பனை வருவாய் அன்று, திருப்பித் தரவேண்டிய பொறுப்பு. மூன்று மாத இழப்பு விகிதத்தைப் பார்த்த பின்னரே மேலும் தட்டுகள் வாங்கட்டும். அந்தப் பதிவேடு கடன் கோரும்போதும் துணை நிற்கும். பிரதமரின் முத்ரா திட்டத்தில் சிறு தொழில்களுக்கு ₹10 இலட்சம் வரையிலும், முந்தைய தருண் கடனை முறையாகச் செலுத்தியோருக்கு ₹20 இலட்சம் வரையிலும் கடன் பெற வாய்ப்புண்டு. தகுதி விவரங்களைக் கிளையில் கேட்டறியலாம்.

வீட்டில் செடி வளர்ப்போருக்கும் இதில் பங்குண்டு. பையைக் கிழிக்காமல் பக்கங்களை மெல்ல அழுத்திச் செடியை வேர்மண்ணோடு வெளியே எடுத்தால், பை மீண்டும் பயன்படும். நெகிழித் தொட்டிகளைச் சேர்த்து வைத்து, அடுத்த முறை செடி வாங்கும்போது வணிகரிடம் கொடுக்கலாம். திரும்பப் பெறுவீர்களா என்று கேட்கவும் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது நாளில் வணிகர் அதற்கென ஒரு கூடையை வண்டியில் வைப்பார்.