நஞ்சுக்கொடியைத் தாண்டாத மருந்து

டாக்டர் வி. சேஷையா குழுவினர் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தில் 17.8 சதவீதம் பேருக்கும், நகரை ஒட்டிய பகுதிகளில் 13.8 சதவீதம் பேருக்கும், கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்கும் கர்ப்பகால சர்க்கரை இருந்தது. இந்தியாவில் அவர் பரவலாக்கிய சோதனை எளிமையானது: சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் போதும், ரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சர்க்கரை. சென்னைப் புறநகரில் முடிச்சூரிலிருந்தோ பெருங்களத்தூரிலிருந்தோ பஸ் ஏறி வரும் கர்ப்பிணி வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டியதில்லை. கண்டுபிடிப்பது இவ்வளவு சுலபமாகிவிட்ட பிறகும், ‘இன்சுலின் போட வேண்டும்’ என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் கலங்கிப்போகிறார்கள். அந்தப் பயம்தான் சர்க்கரையைவிட எனக்குக் கவலை தருகிறது.

ஊசி மருந்து குழந்தையைப் பாதிக்கும் என்பதுதான் முதல் பயம். நடப்பது நேர்மாறு. தாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. இன்சுலின் அப்படிப் போவதில்லை என்றே சொல்லலாம். மிதமிஞ்சி வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் குழந்தை கொழுத்து வளர்கிறது, பிரசவம் சிக்கலாகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும். சுரந்த இன்சுலின் மட்டும் மிஞ்சுவதால் பிஞ்சுக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். ஊசியைத் தள்ளிப்போட்டால் அவதிப்படுவது குழந்தைதான்.

சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால் போதாதா? பலருக்குப் போதும், அதனால்தான் தேசிய வழிகாட்டுதலும் முதலில் இரண்டு வாரம் உணவுமுறையையும் நடையையும் பார்க்கச் சொல்கிறது. அதற்குப் பிறகும் சாப்பிட்டு 2 மணி நேரத்தில் சர்க்கரை 120-க்குக் கீழே வராதவர், ஊசிக்குப் பயந்து சோற்றையே விட்டுவிட்டுப் பட்டினி கிடப்பது சரியல்ல. மாத்திரையாக மெட்ஃபார்மினும் தருகிறார்கள். ஆனால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டும்.

சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயம் நியாயமானது. வியர்த்து, கை நடுங்கி, 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்; மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர் பையில் அது இருக்கட்டும். சிரிஞ்சையும் கவனிக்க வேண்டும்: மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான். அந்தக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடியுள்ள 100 யூனிட் சிரிஞ்சில் 4 என்ற கோடுவரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 1.6 யூனிட்தான்.

ஆயுளுக்கும் ஊசியா என்றால், கர்ப்பத்தில் புதிதாகச் சர்க்கரை வந்த பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும். ஆறு வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் சோதனையை, இம்முறை வெறும் வயிற்றில், மறுபடி செய்ய வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே தாயும் அதை முடித்துவிடலாம்.