தீவனம் விலை ஏறும்போது கோழிப் பங்கு வாங்கலாமா?

பீகாரின் பூர்ணியா பக்கம் விளையும் மக்காச்சோளம் சரக்கு ரயிலேறி நாமக்கல்லுக்கு வருகிறது. கர்நாடகத்தின் தாவணகெரே பகுதியிலிருந்து லாரிகளில் வருகிறது. நம் பெரம்பலூர் சோளமும் இதோடு சேர்கிறது. 2024இல் இவை எல்லாம் சேர்ந்தும் போதவில்லை. அதுவரை மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, மியான்மரிடமும் உக்ரைனிடமும் வாங்கும் நாடாக அந்த ஆண்டு மாறியது. புதிதாகப் போட்டிக்கு வந்தவர்கள் எத்தனால் ஆலைக்காரர்கள். கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு 2023 டிசம்பரில் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததும், பெட்ரோலில் கலக்க வேண்டிய எத்தனாலுக்காக ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்கின. கோழிக்குப் போக வேண்டிய சோளம் வண்டிக்குப் போனது.

பங்குச் சந்தையில் கோழி, முட்டை நிறுவனங்களில் பணம் போட்டவர்களும் போட நினைப்பவர்களும் கேட்கும் கேள்வி, தீவனம் இப்படி ஏறினால் இந்தத் தொழிலில் லாபம் மிஞ்சுமா என்பது. அதற்குப் பதில் சொல்லுமுன் பண்ணைக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

கோழி வளர்ப்புச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. கறிக்கோழித் தீவனத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் மக்காச்சோளம், 30 சதவீதம் வரை சோயா புண்ணாக்கு. ஒரு கிலோ உயிர் எடைக்குச் சுமார் 1.6 கிலோ தீவனம் தேவை. மக்காச்சோளம் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால், உயிர்க்கோழியின் அடக்கவிலை கிலோவுக்கு ஏறத்தாழ 5 ரூபாய் கூடுகிறது. முட்டைக்கோழி நாளொன்றுக்கு 110 கிராம் தின்கிறது. எல்லாக் கோழியும் தினமும் முட்டையிடுவதில்லை என்பதால், ஒரு முட்டைக்கு 130 கிராம் தீவனம் என்று வைத்துக்கொள்ளலாம். தீவனம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் முட்டைக்கு 13 காசு கூடும். அறிவித்த விலையிலிருந்து வியாபாரிகள் கழித்துக்கொள்ளும் ‘மைனஸ்’ தொகையில் ஐந்து காசுக்கும் பத்து காசுக்கும் பேரம் நடக்கும் நாமக்கல்லில் 13 காசு பெரிய தொகை.

கூடும் செலவை விலையில் ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். முட்டைக்கு என்இசிசி (தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு), கறிக்கோழிக்குப் பல்லடத்தின் பிசிசி (கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு) என்று தினசரி விலை அறிவிக்கும் அமைப்புகள் இருக்கத்தான் செய்கின்றன. 1982இல் பி.வி. ராவ் முன்னின்று உருவாக்கிய என்இசிசி, முட்டைக்கு விலை சொல்லும் உரிமையை வியாபாரியிடமிருந்து பண்ணையாளரிடம் கொண்டுவந்த பெரிய முயற்சி. ஆனாலும் முட்டையையும் கோழியையும் பிடித்து வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருக்க முடியாது. நாற்பது நாளைத் தாண்டிய கறிக்கோழி தின்றுகொண்டே இருக்கும். ஏறும் எடைக்குச் செலவு கட்டாது. புரட்டாசியில் தமிழ்நாட்டில் பல வீடுகள் அசைவத்தை நிறுத்தும்போது, தீவனம் என்ன விலை விற்றாலும் கோழி விலை இறங்கத்தான் செய்யும். கோழியின் விலையை அன்றைக்குச் சந்தையில் எத்தனை கோழி இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. அடக்கவிலைக்கு அதில் உடனடிப் பங்கு கிடையாது.

அடக்கவிலையின் பங்கு தாமதமாக வருகிறது. தீவனம் ஏறி நஷ்டம் கண்ட சிறு பண்ணையாளர் அடுத்த முறை குஞ்சு இறக்குவதைக் குறைக்கிறார். முதல் அடி குஞ்சு விலைக்கு விழுகிறது. நஷ்டம் நீடித்தால் பொரிப்பகங்கள் முட்டை வைப்பதைக் குறைத்து, தாய்க்கோழிகளையும் கழிக்கின்றன. அதற்குப் பிறகுதான் கோழி வரத்து குறைந்து விலை ஏறும். அப்போது எல்லோரும் திரும்பிவர நினைத்தாலும் உடனே முடியாது. புதிய தாய்க்கோழி முட்டையிட ஏறத்தாழ ஆறு மாதம், முட்டை பொரிய 21 நாள், குஞ்சு விற்பனைக்கு வர இன்னும் ஆறு வாரம். இந்த இடைவெளியில்தான் தாக்குப்பிடித்து நின்ற நிறுவனங்கள் நல்ல லாபம் பார்க்கின்றன. ஆக, தீவன விலையேற்றம் நிற்பவருக்கு ஆதாயமாகவும் முடியலாம். யாரால் நிற்க முடியும் என்பதைக் கண்டுபிடிப்பதே முதலீட்டாளரின் வேலை.

நிற்க முடியாமல் போனதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. பில்கிரிம்ஸ் பிரைட் என்ற கோழி நிறுவனம், கோல்டு கிஸ்ட் என்ற போட்டி நிறுவனத்தைச் சுமார் 110 கோடி டாலருக்கு 2007 தொடக்கத்தில் வாங்கி, நாட்டின் முதலிடத்துக்கு வந்தது. பெரும்பகுதி கடன் பணம். அதே காலத்தில் அங்கேயும் எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை உறிஞ்சத் தொடங்கியிருந்தன. 2008 நடுவில் ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ, 7 டாலரைத் தாண்டியது. 2008 டிசம்பர் 1 அன்று நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. கவனிக்க வேண்டியது, அந்தத் தேதிக்குள் மக்காச்சோளம் உச்ச விலையிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டிருந்தது. தீவனம் மலிந்தும் கடன் மலியவில்லை. அடுத்த ஆண்டு பிரேசிலின் ஜேபிஎஸ் 64 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ள, பழைய பங்குதாரர்களுக்கு 36 சதவீதம் மிஞ்சியது. பிறகு 2012இன் கடும் வறட்சியில் மக்காச்சோளம் 8 டாலரைக் கடந்தது. கடன் குறைந்திருந்த அதே நிறுவனம் அதைத் தாங்கி நின்று, 2014இல் சுமார் 71 கோடி டாலர் நிகர லாபம் காட்டியது.

நம் ஊர்க் கதையும் இதே பாதையில்தான் போகிறது. 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட படைப்புழு, அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களிலும் இறங்கியது. 2019இல் தீவனம் ஏறியது. 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தி கிளம்பி, பல இடங்களில் பண்ணை விலை அடக்கத்தில் பாதிகூட இல்லாமல் போனது. பங்குச் சந்தையில் உள்ள கோழி நிறுவனமான வெங்கீஸ் அந்த நிதியாண்டை நஷ்டத்தில் முடித்தது. வரத்து குறைந்து விலை மீண்டதும் அடுத்த ஆண்டே நல்ல லாபத்துக்குத் திரும்பியது. உடனே அடுத்த சோதனை. கிலோ 40 ரூபாயை ஒட்டி இருந்த சோயா புண்ணாக்கு 2021 ஆகஸ்டில் 90 ரூபாயைத் தாண்டியது. மேலே போட்ட கணக்கின்படி, புண்ணாக்கு மட்டுமே உயிர்க்கோழி கிலோவுக்கு 24 ரூபாய் சுமையை ஏற்றியிருக்கும். கையில் காசில்லாத பண்ணைகள் ஷெட்டைக் காலியாகப் போட்டன.

இதில் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கொங்குப் பகுதியில் 1990களில் சுகுணா போன்ற நிறுவனங்கள் பரப்பிய ஒப்பந்த முறையில், குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தரும். விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. அதனால் தீவன விலையேற்றம் நேராக நிறுவனத்தின் லாபத்தைத்தான் வெட்டும். நெருக்கடி வந்தால் குஞ்சு இறக்கும் இடைவெளியை நிறுவனம் நீட்டிவிடும். அப்போது ஷெட் கட்டக் கடன் வாங்கிய விவசாயிக்குக் கூலி இல்லாத வாரங்கள் கூடுகின்றன. கூலியை உயர்த்தச் சொல்லி அவர்கள் திரும்பத் திரும்பப் போராடுவதில் முழு நியாயம் இருக்கிறது. பங்கு வாங்குபவரும் அதைத் தொழிலின் செலவாகவே கணக்கில் வைக்க வேண்டும். அமுக்கிவைத்த கூலி ஒருநாள் ஏறியே தீரும்.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் நம்மிடம் குறைவு. சுகுணா பங்குச் சந்தையில் இல்லை. இருப்பவற்றிலும் தொழில் ஒன்றுபோல் இல்லை. வெங்கீஸ் குஞ்சும் கோழியும் விற்பதோடு, தடுப்பூசித் தயாரிப்புக்கான நோய்க்கிருமியற்ற முட்டைகளையும் கால்நடை மருந்தையும் விற்கிறது. சோயாவை ஆட்டி எண்ணெயும் எடுக்கிறது. இந்தப் பக்கத் தொழில்கள் கெட்ட ஆண்டில் கைகொடுக்கும். ஈரோட்டின் எஸ்கேஎம் எக் ப்ராடக்ட்ஸ் முட்டைத் தூளை ஏற்றுமதி செய்கிறது. அங்கே தீவனத்தோடு ஜப்பான், ஐரோப்பியச் சந்தை விலையும் டாலர் மதிப்பும் சேர்ந்து லாபத்தை ஆட்டுகின்றன. கோத்ரெஜ் அக்ரோவெட்டில் கோழி ஒரு சிறு பகுதிதான். தீவனத்தையே விற்கும் நிறுவனம் என்பதால், மூலப்பொருள் விலையை ஓரளவு வாங்குபவரிடம் தள்ளிவிட அதற்கு முடிகிறது.

இத்தகைய பங்குகளில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கோழி விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில் லாபம் பெருத்து, லாபத்தோடு ஒப்பிடும்போது பங்கு மலிவாகத் தெரியும். வாங்கத் தோன்றும். அப்போதுதான் எல்லாப் பண்ணையிலும் குஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும். 2016இல் சில நூறு ரூபாயில் இருந்த வெங்கீஸ் பங்கு 2018இல் 4,000 ரூபாயைத் தாண்டியது. 2020 மார்ச்சில் ஆயிரத்துக்குக் கீழே கிடைத்தது. ஒரே ஆண்டின் லாபத்தை வைத்து இந்தத் தொழிலை எடைபோடக் கூடாது. நல்லதும் கெட்டதுமாக ஏழெட்டு ஆண்டுச் சராசரியைப் பார்க்க வேண்டும். ஆண்டறிக்கையில் முதலில் கடனையும் வட்டிச் செலவையும் படியுங்கள். அடுத்து, மூலப்பொருள் இருப்பு. மக்காச்சோளத்தை அறுவடை நேரத்தில் வாங்கி, ஈரம் போகக் காயவைத்துக் கிடங்கில் அடுக்கப் பணமும் இடமும் உள்ள நிறுவனத்துக்கும், வாரத் தேவைக்குச் சந்தை விலையில் வாங்கும் நிறுவனத்துக்கும் லாபத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

தீவனத்தை ஒரே விலையாகப் பார்ப்பதும் தவறு. மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் டிடிஜிஎஸ் என்ற புரதச் சக்கையும் தீவனத்தில் சேர்கிறது. பூஞ்சை நச்சு பயத்தால் கோழிக்கு அதை அளவாகத்தான் கலக்க முடியும். ஆனாலும் அதன் வரத்து பெருகியதில் சோயா புண்ணாக்குக்குக் கேட்பு குறைந்தது. 2024-25இல் சோயாவின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். மத்தியப் பிரதேசச் சந்தைகளில் அதற்கும் கீழே விற்றது. மக்காச்சோளம் ஏறிய நேரத்தில் புண்ணாக்கு இறங்கியது.

இவற்றுக்கெல்லாம் மேலே அரசின் முடிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில், மரபணு மாற்றச் சோயாவிலிருந்து எடுத்த புண்ணாக்கு 12 லட்சம் டன் வரை இறக்குமதியாக மத்திய அரசு அனுமதித்தது. ஆட்டி எடுத்த புண்ணாக்கில் முளைக்கும் உயிர் இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். டிசம்பரில் புண்ணாக்குக்கு இருப்பு வரம்பும் வந்தது. மரபணு மாற்ற மக்காச்சோளத்துக்குக் கதவு மூடியே இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லி அமெரிக்கா நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. திறந்தால் கோழி நிறுவனங்களின் பங்கு ஒரே நாளில் துள்ளும், பெரம்பலூர் விவசாயியின் சோள விலை சரியும். பங்கு வைத்திருப்பவர் காலாண்டு முடிவுகளோடு, எத்தனால் கொள்முதல் விலை அறிவிப்பையும் வர்த்தகப் பேச்சுவார்த்தைச் செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.