ஓடும் எஞ்சினும் பெட்ரோல் குழாயும்

கோடை வெயிலுக்கு அஞ்சி, ஏ.சி.யை அணைக்க மனமில்லாமல், எஞ்சினை ஓடவிட்டபடியே டேங்க்கை நிரப்பச் சொல்லுகிறவர்களைப் பெட்ரோல் பங்குகளில் அடிக்கடி பார்க்கிறோம். பையன் வந்து நிறுத்தச் சொன்னால், "எத்தனையோ தடவை இப்படிப் போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சற்றுக் கோபமாகவே பதில் சொல்லுவார்கள். அவர்கள் சொல்லுவது வாஸ்தவம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆயினும் ஆகாமலிருப்பதற்குக் காரணம் என்ன, ஆவதானால் எவ்விதம் ஆகும் என்பதை விசாரித்துப் பார்த்தால், அந்தப் பையனின் பக்கத்தில்தான் நியாயம் இருப்பது தெரியவரும்.

பற்றி எரிவது பெட்ரோல் திரவம் அன்று, அதிலிருந்து கிளம்பும் ஆவி. நீரின் உறைநிலைக்கும் நாற்பது டிகிரி கீழே குளிர்ந்திருக்கும்போதும் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியைக் கக்குவது பெட்ரோலின் சுபாவம். நம் ஊர் உஷ்ணத்தில் அது எவ்வளவு தாராளமாக எழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டேங்க்குக்குள் ஒரு லிட்டர் பெட்ரோல் இறங்கும்போது, அங்கே ஏற்கெனவே நிறைந்திருந்த ஆவியும் காற்றும் ஏறக்குறைய அதே அளவு வெளியே தள்ளப்படுகின்றன. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானதாகையால், மேலெழுந்து கலைந்துபோகாமல், தரையோடு தரையாகப் படிந்து வண்டியின் அடிப்பக்கமாகப் பரவுகிறது. காற்றில் அது நூற்றுக்கு சுமார் 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். குறைந்தாலும் மிகுந்தாலும் பற்றாது. காற்று வீசும் திறந்த வெளியில், குழாய் வாயிலிருந்து சிறிது விலகியதுமே அந்தக் கலவை பெரும்பாலும் நீர்த்துப்போகிறது என்பதுதான், ஒன்றும் ஆகாமல் தப்பியவர்களைக் காப்பாற்றிய காரணம்.

இனி எஞ்சினைப் பார்ப்போம். அதற்குள் நிகழும் எரிதல் இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டது. அதனால் வெளியே அபாயமில்லை. ஆனால் புகைக்குழாயும், புகையைச் சுத்திகரிக்க அதில் பொருத்தியிருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் நானூறு டிகிரிக்கு மேலும் சூடேறக்கூடியவை. ரேடியேட்டர் விசிறி தானாக ஓடத் தொடங்கும். பழைய வண்டியானால் உறை தேய்ந்த ஒயரில் பொறி தெறிக்கும். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஏறக்குறைய கால் மில்லிஜூல் சக்தியுள்ள பொறியே போதும். சூடான உலோகத்தின்மேல் சிந்திய பெட்ரோல் உடனே எரிந்துவிடும் என்பதில்லை. திறந்த வெளியில் அதற்கு மிக அதிகமான உஷ்ணம் வேண்டும். எஞ்சினை நிறுத்தினாலும் அந்தச் சூடு ஒரு கணத்தில் தணிந்துவிடாது என்பதும் மெய்யே. ஆனால் சிந்துதலும் கடும் சூடும் ஒரே சமயத்தில் கூடினால் விளைவது என்ன என்பதை 1994ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் பந்தயத்தில் உலகமே பார்த்தது. அக்காலத்தில் ஃபார்முலா ஒன் கார்களுக்குப் பந்தயத்தின் நடுவே, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் நிரப்புவது வழக்கம். பந்தய வீரர் யோஸ் வெர்ஸ்டாப்பனின் காருக்கு நிரப்பும்போது குழாயிலிருந்து சிதறிய எரிபொருள் சில விநாடிகளுக்குள் தீப்பிழம்பாக எழுந்து காரையும் சுற்றி நின்றவர்களையும் மூடிக்கொண்டது. தீ தாங்கும் உடையும் தேர்ந்த தீயணைப்பாளரும் இருந்ததால் உயிர்கள் பிழைத்தன. பங்கில் நிற்கும் நமக்கு அந்த உடை கிடையாது. பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பும் வழக்கத்தையே 2010 முதல் தடைசெய்துவிட்டார்கள்.

"நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதும் பொறி உண்டாகுமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் ஸ்டார்ட் செய்வது குழாயை எடுத்து, மூடியை இறுக்கி, ஆவி வெளியேறும் வாயை அடைத்த பிறகு. நிரப்பும் வேளையில்தான் ஆவி மிகுந்திருக்கிறது. அந்த வேளையில் பொறிக்கான காரணங்களைக் குறைப்பதே முறை.

நெருப்பைத் தவிர வேறொரு விபரீதமும் உண்டு. எஞ்சின் ஓடுகிற வண்டி, கிளட்ச்சில் கால் தவறினாலோ, நிரப்பி முடிந்துவிட்டது என்ற அவசர எண்ணத்தாலோ, குழாய் சொருகியபடியே நகர்ந்துவிடலாம். குழாய் அறுந்தால் சிந்துவது சில துளிகளோடு நிற்காது. இருசக்கர வண்டிகளின் விஷயம் இன்னும் கவலைக்குரியது. மோட்டார் சைக்கிளில் டேங்க் எஞ்சினுக்கு நேர் மேலே இருப்பதால், வழிந்த பெட்ரோல் சூடான எஞ்சின்மேலும் சைலன்ஸர்மேலும் விழுகிறது. குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, இறங்காமலே பெட்ரோல் போடச் சொல்லும் தகப்பனார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

பங்கில் பொறி என்றதும் நினைவுக்கு வரும் செல்போனைப் பற்றி நாம் பயப்படுகிற அளவுக்கு, அதனால் தீப்பற்றியதற்கு நிரூபணம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் விசாரிக்கப்பட்ட பங்கு விபத்துகள் பலவற்றில் குற்றவாளியாகக் காணப்பட்டது, நிரப்பும்போது காருக்குள் ஏறி இறங்கியவர்களின் உடலில் சேர்ந்த நிலைமின்சாரம். அங்கே தாமே குழாயைப் பிடித்து நிரப்பிக்கொள்வது வழக்கம். நம் நாட்டில் பெரும்பாலும் பங்கு ஊழியரே நிரப்புவதால் அந்த அபாயம் குறைவு.

டீசல் பெட்ரோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் டீசல் வண்டிக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் வண்டி நிற்கிறது. ஆகையால் எந்த வண்டியானாலும் பங்குக்குள் நுழைந்ததும் எஞ்சினை அணைத்து, இருசக்கர வண்டியானால் எல்லோரும் இறங்கி நின்று, குழாய் தானாக நின்ற பிறகு மேலும் திணிக்கச் சொல்லாமல், மூடியை இறுக்கிய பின்பே ஸ்டார்ட் செய்யுங்கள். நிறுத்தச் சொல்லும் ஊழியரிடம் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சில நிமிஷங்களில் போய்விடுவீர்கள். நாள் முழுவதும் அந்த ஆவிக்கு நடுவே நிற்பவர் அவர்.