பந்தல் கால்களை மக்காமல் காப்பது எப்படி?

புடல், பாகல், பீர்க்கு, கோவை பயிரிடும் உழவர்கள் விதைக்கும் உரத்திற்கும் கணக்குப் பார்த்துச் செலவிடுகிறார்கள். பந்தலைத் தாங்கும் கால்களைப் பற்றியோ, அவை சாயும் வரை நினைப்பதில்லை. அவை சாயும் நாளும் பெரும்பாலும் ஐப்பசி மழையில், பந்தல் நிறையக் காய் தொங்கும் நேரமாக அமைந்துவிடுகிறது. நனைந்த கொடியின் பாரத்தோடு காற்றும் சேரும்போது ஒரு கால் முறிந்தால், கம்பி இழுத்து அடுத்த காலும் சாய்கிறது. சேற்றில் கிடக்கும் காய் சந்தைக்கு ஆகாது. கல்தூண் நட வசதியுள்ளவர்களுக்கு இக்கவலை இல்லை. சவுக்கு, தைலமரக் கழிகளை நம்பியுள்ள சிறு உழவர்களுக்காகவே இக்கட்டுரை.

மக்கும் இடம் எது?

முறிந்த காலைப் பிடுங்கிப் பாருங்கள். மேற்பகுதி உறுதியாக இருக்கும். அடி நுனியும் பெரும்பாலும் அவ்வளவாகக் கெட்டிராது. மண் மட்டத்தையொட்டி ஒரு சாண் அளவுதான் பொடிந்து போயிருக்கும். மரத்தை மக்கச் செய்வது பூசணம். அது வளர ஈரமும் காற்றும் வேண்டும். மண்ணுக்கு மேலே காற்று உண்டு, ஈரம் நிலைப்பதில்லை. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் மண் மட்டமே. கறையானும் அவ்வழியேதான் ஏறுகிறது.

மரத்தின் உலர் எடையில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருந்தால் இப்பூசணம் வளராது. மேலும், நான்கைந்து ஆண்டில் வெட்டும் சவுக்குக் கழியில் வைரம் ஏறியிருப்பதில்லை. மாவுச்சத்து மிகுந்த வெளிமரமே அதிகம். அதுவே பூசணத்திற்கு எளிய இரை.

முதலில் உலர்த்துங்கள்

பணியில் சேர்ந்த புதிதில் நானே ஒரு தவறு செய்தேன். வெட்டி ஒரு வாரம்கூட ஆகாத சவுக்குக் கழிகளுக்கு அடி முழுதும் தார் பூசி நடும்படி ஓர் உழவருக்குச் சொன்னேன். இரண்டாம் ஆண்டு அவர் ஒரு கழியைப் பிடுங்கிக் கொண்டுவந்து என் முன் போட்டார். வெளியே தார் பளபளப்பாக இருந்தது. உள்ளே விரல் நுழைந்தது. பச்சை மரத்தின் ஈரத்தை வெளியேற விடாமல் தார் அடைத்துவிட்டது. தார் தந்த பாதுகாப்பைவிட அது செய்த கேடு அதிகம்.

ஆகவே கழியை வெட்டியவுடன் பட்டையைச் சுத்தமாகச் சீவிவிட வேண்டும். பட்டைக்கு அடியில்தான் ஈரமும் பூச்சியும் தங்கும். பின்னர் நிழலில், தரையில் படாமல் கல்லின்மேல் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு குறுக்குக் குச்சி கொடுத்துக் காற்றோட்டமாக வைக்கவும். காய்ந்துவிட்டதா என்று அறிய, அடையாளமிட்ட ஒரு கழியை வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைவது நின்ற பிறகே பூச்சு வேலை. இதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். நடவுக்கு முந்தின வாரம் கழி வாங்குகிறவர்களுக்கு இது ஒத்துவராது. கோடையிலேயே வாங்கிவிட வேண்டும்.

பூச்சும் நடவும்

உலர்ந்த கழியில் மண் மட்டம் வரும் இடத்திற்கு மேலே 30 செ.மீ., கீழே 30 செ.மீ. அளவுக்குச் சூடான தாரை இரண்டு முறை பூசினால் போதும். அடி வெட்டுமுகத்தில் பூச வேண்டாம். உள்ளே புகுந்த நீர் வடிய வழி இருக்கட்டும். தார் காய்ச்சுவதைத் திறந்தவெளியில், கையுறையுடன் செய்யவும்.

குழி 60 செ.மீ. ஆழம். அடியில் 10 செ.மீ. சரளை இட்டு, அதன்மேல் கழியை நிறுத்தி, மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டு இடிக்கவும். காலைச் சுற்றி மண் சற்று மேடாக, நீர் விலகி ஓடும்படி இருக்க வேண்டும். சிமெண்டுக் கலவையில் கழியை முழுதும் புதைப்பது நல்லதல்ல. மரம் சுருங்கியதும் விழும் இடைவெளி, நீர் தேங்கும் கிண்ணமாகிவிடும். பாசன வாய்க்காலையும் சொட்டு நீர்க் குழாயின் துளையையும் காலிலிருந்து ஒரு முழமாவது தள்ளி அமையுங்கள். கழியின் தலையைச் சரிவாக வெட்டித் தாரிட மறவாதீர்கள். தட்டையான தலை மழைநீரைக் குடிக்கும்.

அடியைத் தீயில் வாட்டி நடும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. கரிந்த தோல் மக்காது என்பது உண்மைதான். ஆனால் அதன் வெடிப்புகள் வழியே பூசணம் உள்ளே சென்றுவிடும். கழிவு எஞ்சின் எண்ணெய் பூசுவதை நான் அறவே பரிந்துரைப்பதில்லை. அது பூசணத்தைக் கொல்வதில்லை; காய்கறி வேர் ஓடும் மண்ணைத்தான் கெடுக்கிறது. கறையானுக்கு முன்பு தூவிய பி.எச்.சி. தூள் 1997இலேயே தடை செய்யப்பட்டது. பழைய இருப்பு இருந்தாலும் தொடாதீர்கள். போரிக் அமிலம், வெங்காரக் கரைசல் கூரைக்கு அடியில் உள்ள மரத்திற்கு ஏற்றவை. மண்ணில் நின்றால் மழையில் கரைந்துவிடும்.

தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தை மரத்தில் ஏற்றும் முறையை 1933ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் உருவாக்கினார். அது உலகெங்கும் பரவியது. பச்சை நிறம் தட்டிய அத்தகைய பழங்கழிகள் கிடைத்தால், அவற்றை அடுப்பில் எரிக்கக் கூடாது. சாம்பலில் ஆர்செனிக் தங்கும். நாற்றுப் பெட்டி, கீரைப் பெட்டி செய்யவும் அவை ஆகா. அப்பெட்டிகளுக்குத் தாரும் வேண்டாம். அடியில் துளையிட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஏற்கெனவே நட்ட பந்தல் உள்ளவர்கள் ஆவணி மாதத்தில் ஒவ்வொரு காலின் அருகிலும் ஒரு சாண் மண்ணைத் தோண்டி, கூரிய கத்தியால் குத்திப் பார்க்கவும். கத்தி எளிதில் இறங்கினால் மழைக்கு முன் மாற்றுங்கள். பந்தலைப் பிரிக்க முடியாத நிலையில், பக்கத்தில் ஒரு கல்காலை ஊன்றி, பழைய காலின் உறுதியான மேற்பகுதியை அதனோடு இரண்டு இடங்களில் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடலாம்.